கடலுக்கு இட்ட எல்லை: 2011 ஆம் ஆண்டின் யப்பானியக் கடற்கோள்

கடல் பொங்கி நிலத்தைக் கொள்ளும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுட் சென்றமையைச் சிலப்பதிகாரமும், காவிரிப்பூம்பட்டினம் கடல்வயப்பட்டமையை மணிமேகலையும் குறிப்பிடுகின்றன. ஆயினும், கடற்கோள் என்ற சொல்லைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றிவந்த நாம், அச்சொல் குறித்த அநுபவத்தைப் போற்றினோமல்லோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவின் மேற்குக் கடலில் எழுந்த அலை எமது தீவின் கீழ்க்கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரஞ் சென்றது. அந்த இரண்டு மணி நேரமும் எவர்க்கும் பயன்படாது கழிந்தது. கடல் பின்வாங்கிய இடங்களில் அதனைப் புதுமையென்று பார்க்க இறங்கிச் சென்றோரும் உளர். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் எம் நாட்டில் மாண்டன. அறியாமையால் விளைந்த அழிவு என்று அதற்குக் காரணங் கூறி அமைந்தோம்.

அறியாமைதான் காரணமாயின், அறிந்த நாட்டில் இத்தகைய அழிவு நேர்ந்திருத்தல் கூடாது. யப்பான் அறிந்த நாடு. 'சுனாமி' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியதே அந்நாடு. 869 ஆம் ஆண்டில் செண்டாய்ச் சமவெளியைக் கடல் மூடிய வரலாறு அந்நாட்டின் அரச வரலாற்றேட்டில் எழுதப்பட்டுள்ளது. அன்று கடல் கொணர்ந்து இட்ட மணற்படையைப் பிற்கால ஆய்வாளர் வயல்களைத் தோண்டிக் கண்டறிந்துமுள்ளனர். 1896 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 22,000 பேரும், 1933 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 3,000 பேரும் வடகீழ்க் கரையாகிய சன்ரிக்குப் பகுதியில் இறந்தனர். 1960 ஆம் ஆண்டு சில்லி நாட்டில் நிகழ்ந்த புவிநடுக்கத்தின் அலை பசிபிக் சமுத்திரத்தை ஒரு நாளளவிற் கடந்து வந்து அதே கரையில் மீண்டும் உயிர் கொண்டது. இவற்றையெல்லாம் அறிந்து, அணைகட்டி, எச்சரிக்கை நிலையங்கள் நிறுவி, பாடசாலைதோறும் பயிற்சி நடத்திய நாட்டிலே 2011 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் ஏறத்தாழ 15,900 பேர் மாண்டனர். வேறு 2,500 பேரளவில் காணாமற் போயினர். அறிவு எங்கே தவறியது, எங்கே காத்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நிகழ்ந்ததை நோக்குவாம். பசிபிக் சமுத்திரத்தின் அடித்தளமாகிய பெருந்தகடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ எட்டுச் சதமமீற்றர் வீதம் மேற்கே நகர்ந்து, யப்பானைத் தாங்கும் தகட்டின்கீழ்ச் செருகுகின்றது. இரண்டும் உரசிப் பிணைந்து நிற்கும் இடங்களில் மேற்றகட்டின் விளிம்பு கீழே இழுபட்டு வில்லென வளைகின்றது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அவ்வளைவு அன்று பிற்பகல் 2 மணி 46 நிமிடத்தில் விடுபட்டது. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமும் 200 கிலோமீற்றர் அகலமுமான பிளவு நெடுகத் தகடுகள் வழுக்கின. கடலடி அகழிக்கு அண்மையில் அவ்வழுக்கல் 50 மீற்றர் அளவினது. ஒசிக்கா தீபகற்பம் கிழக்குத் திசையில் 5 மீற்றருக்கு மேல் நகர்ந்து, ஒரு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. மேலெழுந்த கடலடி தன்மீதிருந்த நீர் முழுவதையும் உயர்த்திற்று. காற்று எழுப்பும் அலையிலே நீரின் மேற்பரப்பே அசையும். கடற்கோளலையிலோ அடிமுதல் முடிவரை நீரனைத்தும் அசையும். அது கரையில் மோதி உடையாது உள்ளே நடந்துவருவது இதனாலேயே.

நடுக்கத்தின் அளவு 9.0. அத்துணைப் பெரிய நடுக்கத்தைக் கட்டடங்கள் பெரும்பாலும் தாங்கி நின்றன என்பதைக் கூறாது விடுதல் நியாயமன்று. வடகீழ்ப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த அதிவேகப் புகையிரதங்கள் தாமாகவே தடைபிடித்து நின்றன. அவற்றிற் பயணஞ் செய்தோருள் ஒருவரும் இறந்திலர். இறந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் நீரில் மூழ்கியே இறந்தனர். நிலத்தை வென்றவர்கள் கடலிடம் தோற்றனர் எனலாம்.

அத்தோல்வி எண்களிலே தொடங்கியது. வானிலை நிலையத்தார் நடுக்கம் நிகழ்ந்த மூன்று நிமிடத்தில் எச்சரிக்கை விடுத்தனர். விரைவில் இது வியக்கத்தக்கதே. ஆனால் அம்மூன்று நிமிடத்தில் அவர்தம் கருவிகள் நடுக்கத்தை 7.9 என்றே மதிப்பிட்டன. 7.9 இற்கும் 9.0 இற்கும் உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். வெளிப்படும் சத்தியிலோ அது நாற்பது மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே மியாகி மாகாணத்துக்கு 6 மீற்றர், இவாத்தே, புகுஷிமா மாகாணங்களுக்கு 3 மீற்றர் என அலையின் உயரம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெண்கள் இருமுறை உயர்த்தப்பட்டன. அதற்குள் மின்சாரம் அற்றுப்போயிற்று. பலர் திருத்தத்தைக் கேட்டிலர். 3 மீற்றர் என்று கேட்டவன் தன் ஊரின் 10 மீற்றர் அணையை நினைத்தான், வீட்டிலே இருந்தான். இரண்டு நாளுக்கு முன் நிகழ்ந்த 7.3 அளவான நடுக்கத்தின்போதும் அலை மிகச் சிறிதாகவே வந்திருந்தமை அவன் மனத்தை மேலும் அமைதிப்படுத்தியிருக்கும்.

அணைகளைப்பற்றி விரித்துரைத்தல் வேண்டும். தாரோ என்னும் மீன்பிடியூர் 1896 இலும் 1933 இலும் அழிந்தது. 1934 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகளாக அவ்வூரார் கட்டிய மதில் 10 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் நீளமும் உடையது. சீனத்தின் நெடுமதிலுக்கு அதனை ஒப்பிட்டுப் பேசுவர். அயல்நாட்டறிஞரும் வந்து கண்டு சென்றனர். மதில் உயர்ந்தபின் அதன் நிழலிலே வீடுகளும் பெருகின. 2011 இல் வந்த கடல் அதனைத் தாண்டி வந்தது; ஒரு பகுதியை உடைத்தும் வந்தது. அவ்வூரில் நூற்றெண்பது பேரளவில் மாண்டனர். மதிலுக்கப்பால் கடலின் ஏற்றமும் வற்றலும் உள்ளிருந்தார் கண்ணுக்குத் தோன்றாமையும் அழிவுக்கு ஒரு காரணமாயிற்று. கமாயிஷி வளைகுடாவின் வாயிலிலே 63 மீற்றர் ஆழத்திலிருந்து எழுப்பப்பட்ட அலைதாங்கி முப்பது ஆண்டு வேலையின்பின் 2009 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. உலகிலேயே ஆழமானது என்ற பெருமை பெற்றது. இரண்டே ஆண்டில் அது சிதைந்தது. அது சில நிமிட நேரம் அலையைத் தாமதிப்பித்து உயரத்தையும் ஓரளவு குறைத்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். அந்நிமிடங்களை ஓடுதற்குப் பயன்படுத்தியோர்க்கு அஃது உதவிற்று, அணை உண்டென்று இருந்தோர்க்கு உதவவில்லை.

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. பூடாய் என்னும் சிற்றூரின் தலைவராக நாற்பது ஆண்டு இருந்த வாமுறா கோத்தொக்கு என்பார் 1933 இன் அழிவை நேரிற் கண்டவர். 1896 இன் அலை 15 மீற்றர் உயர்ந்தது என்பது அவ்வூர் வழக்கு. ஆதலின் அதற்குக் குறைந்த உயரத்தில் அணையோ மதகோ கட்டவொண்ணாது என அவர் பிடிவாதமாக நின்றார். வீண்செலவு என்று எதிர்த்தோர் பலர். 15.5 மீற்றர் உயரமான மதகு 1984 ஆம் ஆண்டில் முடிந்தது. 1997 இல் அவர் காலமானார். 2011 இல் நீர் மதகைக் கடந்து சிறிதே உட்புகுந்தது, ஊர் தப்பியது. தன் படகைப் பார்க்கச் சென்ற ஒருவர் மாத்திரம் காணாமற் போனார். அவரை முன்னர் எதிர்த்தவர்களும் பின்னர் அவர் கல்லறைக்குச் சென்று நன்றி கூறினர் என்பர். ஆயின், கடல் இன்னும் சில மீற்றர் உயர்ந்திருப்பின் பூடாயும் தாரோவாகவே முடிந்திருக்கும். உயர்ந்த அணையைக் கட்டியவர் அறிவாளி, தாழ்ந்த அணையைக் கட்டியவர் பேதை என்று இவ்விரு கதைகளையும் பொருள்கொள்ளுதல் பொருந்தாது.

அணை ஒன்றுமின்றித் தப்பிய ஊரும் உண்டு. அனெயோஷி என்னும் குடியிருப்பில் 1933 இற்குப் பின் மலைச்சரிவில் ஒரு கல் நாட்டினர். இதற்குக் கீழே வீடு கட்டற்க என்பது அதிற் பொறித்துள்ள செய்தி. எமது கோயில்களில் உள்ள கல்வெட்டுப் போன்று நிலத்துக்கும் தானத்துக்கும் சான்றாக நிற்பதன்று அது, கட்டளையாக நிற்பது. ஊரார் அதனைக் கீழ்ப்படிந்தனர். 2011 இல் அவ்வூர்ப் பள்ளத்தாக்கில் அலை 40 மீற்றரளவு ஏறி, கல்லுக்குக் கீழே நின்றுவிட்டது. சன்ரிக்குக் கரையில் இத்தகைய கற்கள் நூற்றுக்கணக்கில் உள. பல இடங்களில் அவற்றைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டனர்.

இனி, ஆசிரியத் தொழில் செய்வார் எவரும் கடந்துபோக முடியாத இரண்டு பாடசாலைகளின் வரலாற்றுக்கு வருவாம்.

கமாயிஷி நகரத்தின் உனொசுமாய்ப் பகுதியில் ஆரம்பப் பாடசாலை ஒன்றும் கனிட்ட இடைநிலைப் பாடசாலை ஒன்றும் அருகருகே இருந்தன. கடற்கோள் வரின் நீர் எதுவரை ஏறும் எனக் காட்டும் நகர வரைபடத்தில் அவை இரண்டும் அபாய எல்லைக்கு வெளியே கிடந்தன. ஆயினும் குன்மா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கத்தடா தொஷித்தாக்கா என்பார் சில ஆண்டுகளாக அந்நகரப் பாடசாலைகளில் வேறொரு பாடம் நடத்திவந்தார். வரைபடத்தை நம்பாதே, அவ்வேளையில் உன்னால் இயன்றதனைத்தையும் செய், பிறரைப் பாராது நீ முதலில் ஓடு: இவை மூன்றுமே அவர் கற்பித்தவை. அன்று மின்சாரமின்றி ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. கட்டளையை எதிர்பாராது இடைநிலை மாணவர் ஓடத் தொடங்கினர். மூன்றாம் மாடியில் ஏறிநின்ற ஆரம்பப் பாடசாலைச் சிறுவர், மூத்தோர் ஓடுவதைக் கண்டு இறங்கி அவர்களுடன் ஓடினர். குறித்த ஒதுக்கிடத்தை அடைந்தபோது அதன் பின்னுள்ள சரிவு இடிந்திருந்தமை கண்டு, அங்கே தரியாது மேலும் உயர்ந்த இடத்துக்குச் சென்றனர். அங்கிருந்தும் மேலே ஏறினர். அவர்கள் முதலில் நின்ற இடத்தைக் கடல் கொண்டது. நகரத்தின் பாடசாலைப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேருள் அப்போது பாடசாலைப் பொறுப்பில் இராத ஐவர் மாத்திரமே இறந்தனர்.

அதே உனொசுமாயில் பொதுமக்கள் பலர் தாழ்வான இடத்திலிருந்த சனசமூக மண்டபம் ஒன்றிற் கூடினர். அது கடற்கோளுக்கென விதித்த ஒதுக்கிடமன்று. ஆயினும் பயிற்சிகளின்போது வயோதிபருக்கு எளிதாயிருக்குமென்று அங்கேயே கூடிப் பழகியிருந்தனர். அங்கே நூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பயிற்சி இல்லாமையால் இறந்தாரல்லர். பயிற்சியைத் தமக்கு எளிதாக்கிக் கொண்டமையால் இறந்தனர்.

சன்ரிக்குக் கரையில் 'தெந்தென்கோ' என்றொரு வழக்கு உண்டு. அவரவர் தனித்தனியே என்பது அதன் பொருள். கடற்கோள் வரும்போது தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் தேடாது தனித்தனியே ஓடுக என்பதே அதன் கருத்து. ஆய்வாளர் யமஷித்தா பூமியோ 1990 ஆம் ஆண்டளவில் இதனைப் பரப்பினார். கேட்டமாத்திரத்தில் எமக்கு இது கொடிதாகவே தோன்றும். பெற்ற பிள்ளையை விட்டோடும் தாயை எந்த அறநூல் போற்றும்? ஆனால் பிள்ளையைத் தேடிப் பாடசாலைக்கு வந்த தாயும், தாயை எதிர்பார்த்து வாயிலில் நின்ற பிள்ளையும் ஒருங்கே இறந்த குடும்பங்கள் அக்கரையில் எத்தனை! கத்தடா இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறை நுட்பமானது. 'நான் கட்டாயம் ஓடித் தப்புவேன். ஆகையால் என்னைத் தேடி வரவேண்டாம்' என்று வீட்டிற் சென்று பெற்றோரிடம் நம்பும்வரை சொல்லுமாறு அவர் பணித்தார். பிரிந்து ஓடுதற்கு முன்னரே ஒருவரையொருவர் நம்பும் உறவு வேண்டும் என்பது அதன் உட்பொருள். அது பாசத்தின் குறைவன்று.

மற்றைப் பாடசாலை இஷினோமாக்கி நகரத்தைச் சேர்ந்த ஓக்காவா ஆரம்பப் பாடசாலை. கிற்றாகாமி ஆற்றங்கரையில், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உள்ளே இருந்தது. அதுவும் வரைபடத்தின் எல்லைக்கு வெளியேதான் கிடந்தது. அப்பகுதி மக்களுக்குரிய ஒதுக்கிடமாகவும் குறிக்கப்பட்டிருந்தது. நடுக்கம் ஓய்ந்ததும் ஆசிரியர் பிள்ளைகளை விளையாட்டுத் திடலில் ஒழுங்காக நிறுத்தினர். பின்னால் மலை நின்றது. பிள்ளைகள் காளான் வளர்க்கும் பாடத்துக்காக முன்னர் ஏறிப் பழகிய சரிவும் அதிலுண்டு. மலைக்குச் செல்வதா, மரம் விழுமா, பின்னதிர்வில் சரியுமா, பாலத்தருகே உள்ள மேட்டுக்குச் செல்வதா என்ற பேச்சில் ஏறத்தாழ ஐம்பது நிமிடங் கழிந்தது. மேட்டை நோக்கிப் புறப்பட்ட வேளையில் ஆறு கடலாகி எதிரே வந்தது. பாடசாலையின் 108 மாணவருள் 74 பேரும், ஆசிரியருள் பதின்மரும் மாண்டனர்.

அந்த ஐம்பது நிமிடத்தையும் நினைந்து அவ்வாசிரியர்களைப் பழித்தல் எளிது. அவர்களும் பிள்ளைகளோடு இறந்தனர். பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கிலே செண்டாய் மாவட்ட நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டில், அலை வருவது தெரிந்த இறுதி நிமிடங்களில் ஆசிரியர் தவறான இடத்தைத் தெரிந்தனர் எனத் தீர்த்தது. 2018 ஆம் ஆண்டில் மேனீதிமன்றம் வேறொன்று கூறிற்று. தவறு அன்று திடலில் நிகழவில்லை; அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஆற்றோரத்தில் உள்ள தம் பாடசாலைக்கு வரைபடம் பொருந்துமா எனப் பாடசாலையும் நகரக் கல்விச் சபையும் ஆராய்ந்து, ஓடவேண்டிய இடத்தையும் வழியையும் கைந்நூலில் வரையறுத்திருத்தல் வேண்டும் என்றது. வரைபடத்தை வெளியிட்டோர் அரசாங்கத்தாரேயாயினும் அதனை ஐயுறும் கடமை ஆசிரியர்க்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். உயர்நீதிமன்றம் 2019 இல் அதனையே நிலைநிறுத்திற்று. சுற்றறிக்கையைக் கோப்பில் இட்டு மூடுவதோடு கடமை தீர்ந்ததெனக் கருதும் வழக்கம் யப்பானுக்கு மாத்திரம் உரியதா என்பதை, எம் நாட்டுப் பாடசாலைகளின் கந்தோர்களை அறிந்தோர் தாமே உணர்வர்.

இதே குற்றம் பேருருவிற் புகுஷிமாவில் வெளிப்பட்டது. அங்கே 35 மீற்றர் உயரமான கடலோர மேட்டை 10 மீற்றராக வெட்டித் தாழ்த்தி அணுவுலைகளை நிறுவினர். கடலின் உயரம் முதலில் 3.1 மீற்றர் எனக் கொள்ளப்பட்டது. பின்னர் 6 மீற்றரளவுக்கு உயர்த்தப்பட்டது. 15.7 மீற்றர் வரை உயரலாம் என்ற கணிப்பு 2008 ஆம் ஆண்டிலேயே அக்கம்பனியின் உள்ளே எழுந்தும் அணை உயரவில்லை. வந்த நீர் தாழ்ந்த தளங்களிலிருந்த மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. குளிர்விக்கும் வழியின்றி மூன்று உலைகளின் கரு உருகியது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் விட்டு நீங்கினர். பாராளுமன்றம் நியமித்த குறோக்காவா கியோஷி ஆணைக்குழு 2012 இல் இதனை மனிதரால் விளைந்த விபத்து என்றே முடிவுசெய்தது. நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அண்மையில் இருந்த ஒனகாவா அணுமின்நிலையமோ தப்பிற்று. ஹிறாய் யனொசுக்கே என்னும் பொறியியலாளர் பழைய கடற்கோள்களை எண்ணி, நிலத்தளம் 14.8 மீற்றர் உயரத்தில் அமைதல் வேண்டுமென வற்புறுத்தியிருந்தார். அங்கு வந்த அலை 13 மீற்றர். வீடிழந்த அயலூரார் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அணுமின்நிலையத்தினுள்ளேயே அடைக்கலம் புகுந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அழிவின்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். ஒரு இலட்சம் படையினர் மீட்புப் பணியில் இறங்கினர். நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாடசாலை மண்டபங்களிலும் பிற இடங்களிலும் தங்கினர். அவர்கள் வரிசையில் நின்ற ஒழுங்கை உலகம் பாராட்டியது. பாராட்டிற் படாத மற்றொரு கணக்கும் உண்டு. அலையால் இறவாது, பின்னர் இடம்பெயர்வின் இன்னலாலும் நோயாலும் இறந்தோர் என அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தொகை 3,700 இற்கு மேற்பட்டது. அவருள் 2,300 இற்கு மேற்பட்டோர் புகுஷிமா மாகாணத்தவர், பெரும்பாலார் முதியோர். 2012 ஆம் ஆண்டில் புனர்நிர்மாணத்துக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. 2013 முதல் வருமான வரியின்மேல் நூற்றுக்கு 2.1 வீதம் மேலதிக வரி விதித்து அதற்குப் பொருள் தேடினர். றிக்குசென்தக்காத்தா நகரில் மலையை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு நகரத்தின் நிலத்தையே பத்து மீற்றரளவு உயர்த்தினர். அம்மேடு முடிவதற்குள் மக்கள் பலர் வேறூர்களில் வேர்விட்டுவிட்டனர்.

கொள்கையளவில் நிகழ்ந்த மாற்றமே முக்கியமானது. கடற்கோளை இனி இரு தரமாகப் பகுத்தனர். சில பத்தாண்டுகளுக்கோ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்ளோ ஒருமுறை வருவதை அணையால் தடுப்பது. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதை அணையால் தடுத்தல் இயலாதென ஒப்புக்கொண்டு, ஓடுதற்கு வழியமைப்பது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளத்துக்கு மீண்டும் அணைகள் எழுந்தன. சில 15 மீற்றரளவு உயரமானவை. கடலைக் காணாது கடலோடு வாழ்வதெங்ஙனம் என்று வழக்காடிய மீனவரும் உளர். ஒனகாவாப் பட்டினத்தார் பார்வையை மறைக்கும் மதிலை வேண்டாது, குடியிருப்பை உயர்ந்த நிலத்துக்கு ஏற்றி, கடைவீதியிலிருந்தே கடல் தெரியுமாறு ஊரை அமைத்துக்கொண்டனர்.

ஓக்காவாவின் இடிந்த வகுப்பறைகளை இடிக்காது நிறுத்தி, 2021 ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் காணத் திறந்துள்ளனர். பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலர் அங்கே வருவோர்க்கு மலைச்சரிவை நேரிற் காட்டி விளக்குகின்றனர். உனொசுமாயில் இரு பாடசாலைகளும் இருந்த நிலத்தில் ஒரு விளையாட்டரங்கு எழுந்தது. 2019 ஆம் ஆண்டு உலகக் கிண்ண றக்பிப் போட்டியில் பிஜி நாட்டவரும் உருகுவே நாட்டவரும் அங்கே ஆடினர். பாடசாலைகளை மலைமேற் கட்டியுள்ளனர். பிள்ளைகள் நாள்தோறும் நெடிய படிக்கட்டில் ஏறி வகுப்புக்குச் செல்கின்றனர்.